வளர்கிற பெண்ணுக்கு வில் வாங்கும்போது...

"அம்மா, எனக்கு வில் வேணும்!" என்று உங்கள் பெண் கேட்டால் சிரித்துத் தட்டிக் கழிக்காதீர்கள். 2010-ல் டில்லி காமன்வெல்த் போட்டியில் ராஞ்சிப் பக்கத்துத் தீபிகா குமாரி தங்கம் வென்றபோது அவருக்கு வயது பதினாறுதான்! அவர் எய்தது ரிகர்வ் வில். நுனிகள் முன்பக்கமாக வளைந்திருக்கும்.

முதலில் அளவு. இரு கைகளையும் பக்கவாட்டில் விரிக்கச் சொல்லி, விரல் நுனிக்கு நுனி டேப்பால் அளந்து, இரண்டரையால் வகுங்கள். 65 அங்குலம் என்றால் 26. ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான் அவள் நாணை இழுப்பாள். அதற்கு 66 அங்குல வில் பொருந்தும்.

அடுத்தது பலம். நான் ஏமாந்தது இதில்தான். 'வளர்கிற பெண்தானே' என்று பாவாடையைப் பெரிதாகத் தைப்பதுபோல 30 பவுண்டு வில்லை வாங்கிவிட்டேன். ஒரே மாதம்! தோள்வலி வந்து, வில் பரணேறியது.

வில்லில் போட்டிருக்கும் பவுண்டு, 28 அங்குலம் இழுத்தால் வருவது. அங்குலத்துக்குச் சுமார் 2 பவுண்டு கூடும், குறையும். புதிதாகப் பழகும் பெண்களுக்கு 16 முதல் 20 பவுண்டு போதும்.

கடையிலேயே முகவாய்வரை இழுத்துப் பார்க்கட்டும். பத்து வினாடிக்குள் கை நடுங்கினாலோ, தோள் தூக்கிக்கொண்டாலோ அந்த வில் வேண்டாம். இழுத்த நாணை மெதுவாகத்தான் திருப்ப வேண்டும். அம்பில்லாமல் 'டக்'கென்று விட்டால் வில்லே உடையலாம்.

கழற்றி மாட்டும் வில்லாக வாங்கினால், பலம் கூடக்கூட மேல், கீழ்ப் பட்டைகளை மட்டும் மாற்றினால் போதும், செலவும் மிச்சம்.

என் பெண் இப்போது 18 பவுண்டில் மறுபடி பழகுகிறாள். தோள் வலிக்கவில்லையாம்!