கோபுரத்துக்குப் பின்னால் ஒரு வாய்க்கால்

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையுடன் முகம் பார்த்துப் பேச இரவு எட்டு மணிக்கு அமர்கிறோம். கைத்தொலைபேசியில் சிக்னல் கோடுகள் முழுதாகத் தெரிகின்றன. ஆனால் படம் அசையாமல் நிற்கிறது, குரல் அறுந்து போகிறது. விடியற்காலையில் அதே இடத்திலிருந்து எடுத்தால் தெளிவாக வருகிறது. இடம்பெயர்ந்து, திசைக்கொருவராய் வாழும் குடும்பங்களுக்கு இது சிறிய குறை அல்ல. குறை எங்கே இருக்கிறது?

சிக்னல் கோடுகள் சொல்வது எமது தொலைபேசிக்கும் அருகிலுள்ள கோபுரத்துக்கும் இடையிலான தொடர்பை மட்டுமே. கோபுரத்திலிருந்து கம்பனியின் மைய நிலையத்துக்குச் செல்லும் பாதையைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. குளம் நிறைந்திருந்தாலும் வாய்க்கால் ஒடுங்கினால் வயலுக்குத் தண்ணீர் போதாது என்பதை நாம் அறிவோம். இங்கும் அவ்வாறே.

பேச்சு மட்டும் இருந்த காலத்தில் ஒடுங்கிய பாதை போதுமாக இருந்தது. ஒரு குரல் அழைப்புக்கு வினாடிக்கு ஏறத்தாழ 13 கிலோபிற் போதும். வினாடிக்கு 2 மெகாபிற் கொண்ட ஓரிரு இணைப்புகளுடனேயே அக்காலக் கோபுரங்கள் இயங்கின. இன்று முகம் பார்த்துப் பேசும் சில அழைப்புகளே அந்த அளவை நிரப்பிவிடும்.

பாதையை அகலமாக்கப் பல வழிகள் உண்டு. நிலத்தில் புதைக்கும் ஒளியிழையே மிகச் சிறந்தது. ஆனால் நெடுந்தூரம் கிடங்கு வெட்டச் செலவு அதிகம். எனவே கிராமங்களில் பெரும்பாலும் நுண்ணலையே உதவுகிறது. கோபுரத்தில் பறை போலத் தெரியும் வட்டத் தட்டுகள் அதற்குரியவை. இரு தட்டுகளுக்கும் இடையே மரமோ கட்டடமோ மறைக்கக்கூடாது. குறைந்த அலைவரிசை பல பத்துக் கிலோமீற்றர் செல்லும். ஆனால் கொள்ளளவு குறைவு. 70, 80 கிகாஹேர்ட்ஸ் போன்ற உயர் அலைவரிசை பெருமளவு தகவலைச் சுமக்கும். ஆனால் சில கிலோமீற்றரே செல்லும், கடும் மழையில் தளரும்.

எதுவும் எட்டாத இடத்துக்குச் செய்மதி உண்டு. 36,000 கிலோமீற்றர் உயரத்தில் உள்ள செய்மதி வழியே பேசினால் பதில் வரத் தாமதமாகும். ஏறத்தாழ 550 கிலோமீற்றரில் சுற்றும் புதிய செய்மதிகளில் அந்தத் தாமதம் மிகக் குறைவு.

ஆபிரிக்காவில் கொங்கோ ஆற்றின் இரு கரைகளிலும் பிரசாவில், கின்ஷாசா நகரங்கள் உள்ளன. இடைவெளி 4.8 கிலோமீற்றர்தான். ஆயினும் ஆற்றைச் சுற்றி ஒளியிழை கொண்டுவர 400 கிலோமீற்றருக்கு மேல் செல்லவேண்டும். 2021ஆம் ஆண்டில் 'தாரா' திட்டத்தினர் ஆற்றின் குறுக்கே ஒளிக்கற்றையைச் செலுத்தி, 20 நாட்களில் ஏறத்தாழ 700 ரெறாபைற் தகவலை அனுப்பினர். அடர்ந்த மூடுபனி இம்முறைக்குத் தடை.

தொடராக இணைந்த கோபுரங்களில், கடைசிக் கோபுரத்தின் சுமையையும் முன்னுள்ள இணைப்பே தாங்குகிறது. வாய்க்காலின் கடைசி வயல் காய்வது போல, கடைக்கோடிக் கிராமமே முதலில் பாதிக்கப்படுகிறது.

ஆகவே, "எமக்குக் கோபுரம் வேண்டும்" என்று கேட்பது மட்டும் போதாது. எந்த நேரத்தில், எந்த இடத்தில் தொடர்பு தளர்கிறது என்பதை ஒரு வாரம் குறித்து வைப்போம். அயலவரும் சேர்ந்து கம்பனிக்கு எழுதுவோம். நெருக்கடி கோபுரத்தின் அலைவரிசையிலா, பின்பாதையிலா என்றும், அதை எப்போது சீராக்குவார்கள் என்றும் கேட்போம். பதில் வராவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு அக்கடிதப் பிரதியுடன் முறையிடலாம். காசு கட்டும் நாம் கேட்க உரித்துடையவர்கள்.