பன்னிருமுகப் புதிர்



மாலை வேளையில் தோட்டத் திடலில் உருளும் பந்தை நாம் அனைவரும் அறிவோம். கறுப்பும் வெள்ளையுமாகத் தைக்கப்பட்ட பழைய மாதிரிப் பந்தில், ஐந்து பக்கங்களையுடைய கறுப்புத் துண்டுகள் எத்தனை? எண்ணிப் பாருங்கள், 12 இருக்கும். இடையிலுள்ள 20 வெள்ளைத் துண்டுகளை நீக்கிவிட்டு, அந்த ஐங்கோணங்களை மட்டும் ஒன்றோடொன்று பொருத்தினால் கிடைக்கும் திண்ம வடிவமே பன்னிருமுகி. அவ்வடிவில் அமைந்த சுழற்புதிருக்கு மெகாமின்க்ஸ் என்று பெயர்.

1974ஆம் ஆண்டில் ஹங்கேரி நாட்டின் கட்டடக்கலை ஆசிரியர் எர்னோ ரூபிக் கனசதுரப் புதிரை உருவாக்கினார். அதனை அடியொற்றி 1980களின் தொடக்கத்தில் பலர் தனித்தனியே பன்னிருமுகப் புதிரை வடிவமைத்தனர். கனசதுரத்தில் இடம் மாறும் துண்டுகள் 20. இதிலோ 50. அவற்றுள் இரு வண்ணம் கொண்ட விளிம்புத் துண்டுகள் 30. மூவண்ணம் கொண்ட மூலைத் துண்டுகள் 20. இவை அமையக்கூடிய நிலைகளை எண்ணினால், 1க்குப் பின் 68 சுழிகளை இடும் அளவிற்குப் பெரிய எண் வரும்.

இவ்வெண்ணைக் கண்டு அஞ்ச வேண்டா. புதிரை அவிழ்க்கும் முறை எளிய படிகளாகப் பிரிந்து நிற்கிறது.

முதலாவதாக, ஒவ்வொரு முகத்தின் நடுத்துண்டும் இடம் மாறுவதில்லை. ஆகவே, நடுவில் உள்ள வண்ணமே அம்முகத்தின் வண்ணம். வெள்ளை முகத்தில் தொடங்கி, அதன் நடுவைச் சுற்றி ஐந்து விளிம்புகளை அமைத்திடுக. ஒரு விண்மீன் தோன்றும். ஒவ்வொரு விளிம்பின் மற்ற வண்ணமும் பக்கத்து முகத்தின் நடுவோடு பொருந்த வேண்டும்.

இரண்டாவதாக, அவ்விளிம்புகளுக்கிடையே ஐந்து மூலைகளை வைத்திடுக.

மூன்றாவதாக, படிப்படியாகக் கீழிறங்கி, நடுப்பகுதியிலுள்ள 20 விளிம்புகளையும் 10 மூலைகளையும் நிரப்புக. இதுவரை சூத்திரம் எதையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. கண்ணும் பொறுமையும் போதும். 50 துண்டுகளில் 40 இடம் சேர்ந்துவிடும்.

எஞ்சியவை இறுதி முகத்தின் 10 துண்டுகளே. இங்கேதான் சில சுழற்சிகளை மனத்தில் இருத்த வேண்டும். முதலில் விளிம்புகள், பின் மூலைகள் என்று அவை தம் இடம் சேரும். எனினும் சில மூலைகள் இடம் சேர்ந்தும் வண்ணம் திரும்பி நிற்கும். அப்போது இறுதி முகத்தை மேலே பிடித்து, வலமுகம், அதன் கீழுள்ள முகம் ஆகிய இரண்டையும் இடஞ்சுழியாக ஒவ்வொரு முறை திருப்புக. பின்னர் அதே வரிசையில் வலஞ்சுழியாகத் திருப்புக. இந்நான்கு சுழற்சிகளை இரண்டு அல்லது நான்கு தடவை செய்தால் அம்மூலை நேராகும். பிறகு மேல்முகத்தை மட்டும் திருப்பி, அடுத்த மூலையை அதே இடத்திற்குக் கொணர்ந்து தொடர வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு சோதனை உண்டு. ஒரு மூலை நேரானதும் கீழே அமைத்தவை யாவும் கலைந்து காணப்படும்!

நம் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் இக்கட்டத்தில்தான், “சார், எல்லாம் கலைஞ்சு போச்சு” என்று கண்கலங்கிப் புதிரை மேசைமேல் வைத்தான். கணக்கில் ஒரு வரி பிழையானால் ஏட்டையே மூடிவிடும் பிள்ளை அவன். நாமும் அதே கட்டத்தில் மும்முறை அஞ்சிப் பின்வாங்கியவர்களே என்பதை அவனிடம் ஒப்புக்கொண்டோம். இருவரும் அருகருகே அமர்ந்து, முழுமையாக அமைந்த வேறொரு புதிரில் அந்நான்கு சுழற்சிகளைத் திரும்பத் திரும்பச் செய்து, தாளில் கோடிட்டு எண்ணினோம். முதல் தடவையிலேயே கலைந்தது. ஆறாம் தடவை முடிந்ததும் யாவும் பழைய நிலைக்குத் திரும்பின. அவன் முகம் மலர்ந்தது. கலைந்தது பிழையினால் அன்று, வழியின் பாதியில் நிற்பதால் என்பதை அவன் தன் கையாலேயே கண்டுகொண்டான். மறுவாரம் புதிரை முழுமையாக முடித்தான். வகுத்தல் கணக்கில் தவறும்போது இப்பொழுது அவன் ஏட்டை மூடுவதில்லை. தவறிய வரியைத் தேடுகிறான்.

பெற்றோர்களே! மறுநடவுக் காலத்தில் முதிர்ந்த செம்பனைகளை வீழ்த்துவதை நீங்கள் கண்டிருக்கிறீர்கள். வெறுமையாகக் கிடக்கும் அந்நிலத்தைப் பார்த்துத் தோட்டம் அழிந்தது என்று தொழிலறிந்த எவரும் சொல்வதில்லை. பிள்ளைகளின் கல்வியும் அத்தகையதே. பாதி வழியில் கலைந்திருக்கும் பிள்ளையை நோக்கி “உனக்கு இது வராது” என்று கூறிவிடாதீர்கள். எத்தனையாவது சுழற்சியில் நிற்கிறாய் என்று கேளுங்கள். அருகில் அமர்ந்து, அவனோடு சேர்ந்து எண்ணுங்கள்.