பாடப் புத்தகத்துக்குள் வந்த கண்மாய்!

குட்டீஸ், புதுக்கோட்டைப் பக்கம் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? ஜன்னல் வழியே பார்த்தால் கண்மாய், குளம், ஊரணி என்று வந்துகொண்டே இருக்கும். இந்த மாவட்டத்தில் வற்றாத ஆறு கிடையாது. மழைநீரைப் பிடித்து வைத்தால்தான் வயலுக்குத் தண்ணீர்! அதனால்தான் நம் முன்னோர் இங்கே 5,000-க்கும் மேற்பட்ட நீர்நிலைகளை வெட்டி வைத்தார்கள்.

சில கண்மாய்களுக்குள், கரையிலிருந்து சற்றுத் தள்ளி, இரண்டு கல்தூண்கள் ஜோடியாக நிற்கும். ஊஞ்சல் கட்டவா? இல்லை! அதுதான் சோழர் காலத்திலேயே இருந்த 'குமிழித் தூம்பு'.

தூண்களுக்கு அடியில், தண்ணீருக்குள் ஒரு கல்தொட்டி இருக்கும். அதில் மேலே ஒரு துளை, கீழே சில துளைகள். மேல் துளை 'நீரோடி'. அதை ஒரு மூடி அடைத்திருக்கும். கீழ்த் துளைகள் 'சேறோடி'. வயலுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால், நீச்சலில் கெட்டிக்காரர் ஒருவர் போய் மூடியைத் தூக்குவார். தண்ணீர் சுழன்று, குமிழியிட்டு இறங்கும். அடியில் கிடக்கும் சேறும் சேறோடி வழியே கூடவே ஓடும். கரைக்கு அடியில் செல்லும் கால்வாய் வழியாக இரண்டும் வயலுக்குப் போய்விடும். கண்மாயில் சேறு சேர்வது குறையும்; வயலுக்கு உரமும் ஆச்சு. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

பள்ளிப் பாடம் வெளி வாழ்க்கையோடு சேர வேண்டும் என்று 2005-இல் வந்த தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு சொன்னது. 2018-இல் வெளியான ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் குமிழித் தூம்பும் இடம்பிடித்தது. கிராமத்து அறிவு வகுப்பறைக்குள் வந்துவிட்டது!

ஆனால், உங்கள் ஊர்க் கண்மாய் எந்தப் புத்தகத்திலும் இருக்காதே? அதற்குத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது, நிரம்பினால் கலிங்கு வழியாக எங்கே போகிறது என்பது ஊர்ப் பெரியவர்களுக்குத்தான் தெரியும். அதை யாரும் கேட்டு வைக்காவிட்டால், ஒருநாள் வரத்து வாய்க்காலைச் சும்மா கிடக்கும் பள்ளம் என்று நினைத்து மூடிவிடுவார்கள். அப்புறம் எவ்வளவு மழை பெய்தாலும் கண்மாய் நிறையாது.

அதனால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டுடன் தாத்தா, பாட்டியிடம் உட்காருங்கள். அவர்கள் சொல்லச் சொல்ல, கண்மாயின் படம் வரையுங்கள். திங்கட்கிழமை டீச்சரிடம் காட்டுங்கள். அன்றைக்கு வகுப்பில் பாடம் நடத்தப்போவது உங்கள் தாத்தாதான்!

ஒரு கண்டிஷன்: பெரியவர்கள் துணையில்லாமல் கண்மாய்ப் பக்கம் போகவே கூடாது. சரியா?