சங்வானை எடுத்த மேஜை

பை-டூ பெங்களூரு – 14

அல்சூர் ஏரிக்கரையிலிருந்து பஜார் தெருப் பக்கம் திரும்பினால் ஒரு தர்ஷினி வரும். உட்கார இடம் கிடையாது. நெஞ்சுயர வட்ட மேஜைகள்தான். ஒரு காபி வாங்கி, இரண்டு டம்ளரில் பாதிப் பாதியாக ஊற்றிக் குடிக்கும் பை-டூ வழக்கம் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. 2024 நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை. சவூதியின் ஜெத்தாவில் ஐபிஎல் மெகா ஏலம், நம் நேரத்துக்கு மதியம் மூன்றரை. இரண்டரைக்கே சுவரோர மேஜையை மூன்று பேர் பிடித்துவிட்டார்கள். நாலாவது ஆளாக நான் போய் முழங்கையை ஊன்றினேன்.

முதல் ஆள், கோலார் தங்கவயலில் பிறந்து, பெங்களூரில் லேத் ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர். எல்லோருக்கும் அங்கிள். ஆர்சிபி தொடங்கிய நாளிலிருந்து அதன் ரசிகர், அதனால் வந்த ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். இரண்டாவது, ஆட்டோ ஓட்டும் அண்ணன். பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான். மனசு மட்டும் சேப்பாக்கத்தில். ஆட்டோவின் பின்னால் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார். அதற்காக சிக்னலில் வாங்கும் திட்டுகளைப் பதக்கம் போலச் சொல்லிக் காட்டுவார். மூன்றாவது, மாரத்தஹள்ளியில் ஐடி வேலை பார்க்கும் தம்பி. அவன் போனில் ஓர் எக்செல் இருந்தது. பவர்பிளேயில் யார் எப்படி, கடைசி ஐந்து ஓவரில் யார் எப்படி, சுழலுக்கு யார் தடுமாறுகிறார் என்று கட்டம் கட்டமாக.

பிரச்சினை இதுதான். அந்த வருடம் மே மாதத்தோடு தினேஷ் கார்த்திக் ஐபிஎல்லிலிருந்து விடைபெற்றுவிட்டார். சென்னைக்காரர், பெங்களூரு அணியின் கீப்பர், கடைசி ஓவர்களில் வந்து வெளுப்பவர். ஜூலையில் அவரையே பேட்டிங் பயிற்சியாளராக்கிவிட்டார்கள். கையுறை காலி. கேப்டன் நாற்காலியும் காலி. பர்ஸில் 83 கோடி.

"கே.எல். ராகுல் வந்தா கதை முடிஞ்சிது குரு," என்றார் அங்கிள். "கீப்பிங், ஓப்பனிங், கேப்டன்சி, மூணுக்கும் ஒரே ஆளு. நம்ம பையன். கன்னடமும் பேசுவான்."

"கன்னடம் பேசினா ரன் வந்துடுமா அங்கிள்? முதல் ஆறு ஓவர்ல எவ்ளோ பந்து திங்கிறான் பாருங்க," தம்பி போனைத் திருப்பிக் காட்டினான். "நமக்கு வேண்டியது ஓப்பனர் இல்ல. டிகே எடத்துல எறங்கி அடிக்கிற கீப்பர். ஜிதேஷ் சர்மாவ எடுக்கணும்."

"யார்ரா அது?"

ஆட்டோ அண்ணன் டம்ளரை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "எங்ககிட்ட ஒரு கீப்பர் இருக்காரு. நாப்பத்து மூணு வயசு. நாலே கோடிதான். வேணுமா?"

அங்கிள் பதில் சொல்லவில்லை. கல்லாவில் கேட்டு, கிழித்துப்போட்ட அக்டோபர் மாதக் காலண்டர் தாளை வாங்கி வந்தார். அதன் முதுகில் பத்துப் பெயர்களை எழுதினார். முதல் பெயர் ராகுல், கீழே இரண்டு கோடு. நான் பேனாவைத் திருப்பி வாங்குவதற்குள் மூன்றாவது கோடும் விழுந்தது.

இந்தச் சண்டைக்கு அமெரிக்காவில் ஒரு பெரியப்பா உண்டு. அவர்களுடைய ஃபுட்பாலில் குவார்ட்டர்பேக் என்றொரு ஆள். பந்து முதலில் அவன் கைக்குத்தான் வரும். யாரிடம் போக வேண்டும் என்று அந்த இரண்டு மூன்று நொடியில் முடிவெடுப்பவன் அவன்தான். நம்முடைய கீப்பர்-கேப்டனை ஓரளவு ஒப்பிடலாம். வருடா வருடம் ஏப்ரல் மாதம் டிராஃப்ட் நடக்கும். அங்கே ஏலம் கிடையாது, வரிசை. போன வருடம் கடைசியில் நின்ற அணிக்கு முதல் தேர்வு. கல்லூரியில் ஆடி முடித்த பையன்களை முன்கூட்டியே ஒரே இடத்துக்கு வரவழைத்து, ஓடவிட்டு, உயரம் பார்த்து, விரித்த கையின் அகலம்கூட அளப்பார்கள். நம் சந்தைகளில் மாட்டுக்குச் சுழி பார்ப்பது போலத்தான். ரசிகர்கள் மாதக்கணக்கில் இதையே பேசித் தொண்டை வற்றுவார்கள். இவ்வளவு அளந்தும் 2000இல் டாம் பிரேடி 199ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். அவருக்கு முன்னால் ஆறு குவார்ட்டர்பேக்குகள் போய்விட்டார்கள். பிரேடி ஏழு முறை சூப்பர் பவுல் வென்றார்.

அமெரிக்காக்காரன் கதை நமக்கெதற்கு என்பவர்களுக்கு, நம் வீட்டிலேயே ஒன்று இருக்கிறது. ஐபிஎல்லில் எல்லாமே ஏலம் என்று நினைக்கிறோம். முதல் வருடம் ஒரு டிராஃப்டும் நடந்தது. 2008 மார்ச்சில் கோலாலம்பூரில் இந்தியப் பையன்கள் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்றார்கள். அந்தப் பையன்களை ஏலத்தில் விட்டு விலை ஏற்றக் கூடாது என்று, கோடிகள் புழங்கிய பிப்ரவரி ஏலத்தைத் தாண்டித் தனியாக வரிசை முறையில் பங்கிட்டார்கள். முதல் தேர்வு டெல்லிக்கு. டெல்லிப் பையன் ஒருவன்தான் கோப்பை வென்ற கேப்டன். 2006 டிசம்பரில், அப்பா இறந்த அன்று காலை மைதானத்துக்கு வந்து டெல்லிக்காக 90 ரன் எடுத்தவன். எதிரணி எது தெரியுமா? கர்நாடகம்.

டெல்லி எடுத்தது விராட் கோலியை அல்ல. இடதுகை வேகப்பந்து வீச்சாளர் பிரதீப் சங்வானை.

பெங்களூரு கோலியை எடுத்துக்கொண்டது.

இன்று சிரிப்பது சுலபம். அன்றைக்கு டெல்லியின் மேஜையில் போய் நின்று பாருங்கள். சேவாக் இருக்கிறார், கம்பீர் இருக்கிறார், ஷிகர் தவன் இருக்கிறார், ஏபி டிவில்லியர்ஸ்கூட அப்போது டெல்லிதான். இன்னொரு மட்டையாளர் எதற்கு? பந்துவீச ஆள் வேண்டும். சங்வானும் லேசுப்பட்டவர் இல்லை. அந்த சீசனில் ரஞ்சிக் கோப்பை வென்ற டெல்லி அணியில் இருந்தவர். தம்பியின் எக்செல் அன்று இருந்திருந்தால் அதுவும் சங்வானைத்தான் காட்டியிருக்கும். அந்த மேஜையில் நம் அங்கிள் மாதிரி ஒருவர் உட்கார்ந்து, 'நம்ம பையன்யா, விடாத' என்று கத்தியிருந்தால் மட்டுமே கோலி டெல்லியில் நின்றிருப்பார்.

இதைத் தம்பியிடம் சொன்னேன். "அது ஒரு தடவை நடந்தது சார், டேட்டா இல்ல," என்றான். நியாயம்தான்.

பெங்களூரு அந்த முதல் வருடம் எடுத்த அணியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். டிராவிட், காலிஸ், கும்ப்ளே, சந்தர்பால், வாசிம் ஜாஃபர் என்று டெஸ்ட் அணி. ஏப்ரல் 18இல் சின்னசாமி மைதானத்தில் முதல் ஆட்டம். எதிரணியின் மெக்கல்லம் மட்டும் 158, நாம் மொத்தமே 82. எட்டு அணிகளில் ஏழாவது இடம். சீசன் நடுவிலேயே தலைமைச் செயல் அதிகாரி சாரு சர்மாவை வெளியே அனுப்பினார்கள். அதே சாரு சர்மா 2022 பிப்ரவரியில், இதே பெங்களூரில் ஏலம் நடக்கும்போது, ஏலம் விடுபவரான ஹியூ எட்மீட்ஸ் மேடையில் மயங்கி விழ, அவசரத்துக்கு ஓடிவந்து சுத்தியலைப் பிடித்தார். இந்த ஊர் யாரையும் முழுசாக அனுப்பிவிடுவதில்லை.

அந்த 2022 ஏலத்தில் இன்னொன்றும் நடந்தது. யாரும் கவனிக்கவில்லை. இந்தூர்க்காரர் ஒருவரின் பெயர் வந்தது. பத்து மேஜையிலும் ஒரு கை எழவில்லை. அன்சோல்டு. அவர் ஊருக்குப் போய், மே மாதம் கல்யாணத்துக்கு நாள் குறித்தார். ஆர்சிபியில் ஒரு கர்நாடகப் பையனுக்குக் காயம். மாற்று ஆளாக அழைப்பு வந்தது. கல்யாணத்தைத் தள்ளிவைத்துவிட்டு வந்த ரஜத் பட்டிதார், மே 25இல் ஈடன் கார்டனில் லக்னோவுக்கு எதிராக எலிமினேட்டரில் 54 பந்தில் ஆட்டமிழக்காமல் 112 அடித்தார்.

பதினோரு வருடம் முன்பும் இதே கதை. 2011 ஜனவரி, அப்போதும் ஏலம் பெங்களூரில்தான். கிறிஸ் கெயிலை யாரும் எடுக்கவில்லை. சீசன் தொடங்கியபின் டர்க் நானஸுக்குக் காயம்பட, அவர் இடத்துக்கு கெயில் வந்தார். முதல் ஆட்டத்திலேயே கொல்கத்தாவுக்கு எதிராக சதம். 12 ஆட்டத்தில் 608 ரன், ஆரஞ்சுத் தொப்பி. 2013இல் சின்னசாமியில் அவர் 30 பந்தில் சதம் கடந்து 175 அடித்த அன்று, கப்பன் பூங்காவரை சத்தம் கேட்டதாக அங்கிள் சத்தியம் செய்கிறார். சத்தம் போட்டதே அவர்தான் என்பது என் சந்தேகம்.

ஆக, கோலி, கெயில், பட்டிதார். பெங்களூருவின் பதினெட்டு வருடத்தில் பெயர் சொல்ல வேண்டிய மூன்று பேர். ஒருவரை டெல்லி விட்டது. இரண்டு பேரை, பெங்களூரு உட்பட, எல்லோருமே விட்டார்கள். 2014இல் யுவராஜுக்கு 14 கோடி, 2021இல் ஜேமிசனுக்கு 15 கோடி என்று கை வலிக்க வலிக்கத் தூக்கி வாங்கியதில் இந்த மாதிரி ஒன்றும் விளையவில்லை. ஏலத்தில் காசு கொடுத்து வாங்கியதைவிட, ஏலம் முடிந்து மிச்சத்தில் பொறுக்கியதே இந்த ஊருக்கு அதிகம் கொடுத்தது என்பது என் கட்சி. தம்பி ஒத்துக்கொள்ள மாட்டான்.

ஜெத்தாவுக்கு வருவோம். மூன்றரைக்கு ஆரம்பித்த ஏலத்தில் மூன்றாவது பை-டூ ஆறுவதற்குள் ரிஷப் பந்த் 27 கோடிக்கு லக்னோ போய்விட்டார். சிராஜ் 12.25 கோடிக்கு குஜராத். பழைய ஆளைத் திரும்ப எடுத்துக்கொள்ள உதவும் ஆர்டிஎம் அட்டையைத் தூக்க நம்மாட்கள் மறுத்துவிட்டார்கள். அங்கிள் மாத்திரையைத் தேடினார். பிறகு ராகுல் பெயர். தர்ஷினியில் தோசை போடுகிறவர் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு டிவியைப் பார்த்தார். பெங்களூரு கை தூக்கியது. இன்னொரு தடவை தூக்கியது. அப்புறம் இறக்கிவிட்டது. டெல்லிக்கு 14 கோடி.

"சொந்த ஊர்ப் பையன வெச்சு வாழத் தெரியல," என்றார் அங்கிள். தோசை ஒன்று கருகியிருந்தது.

சாயங்காலம் ஜிதேஷ் சர்மா பெயர் வந்தது. பழைய அணியான பஞ்சாப் ஆர்டிஎம் கேட்க, பெங்களூரு 11 கோடிக்கு ஏற்றி வாயை அடைத்தது. தம்பி குதித்தான். ஆட்டோ அண்ணன், "பதினொண்ணா? அதுல ரெண்டு தோனி வாங்கி மிச்ச காசுல எனக்கு புது ஆட்டோவும் வாங்கலாமே," என்றார். மறுநாள், முதல் சுற்றில் யாரும் சீந்தாத கர்நாடகப் பையன் தேவ்தத் படிக்கலை 2 கோடிக்கு எடுத்தார்கள். அங்கிளின் கோபம் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. பிப்ரவரியில் கேப்டனை அறிவித்தார்கள்: பட்டிதார்.

2025 ஏப்ரல் 10. சின்னசாமியில் டெல்லிக்காக ஆட வந்த ராகுல் 53 பந்தில் 93 அடித்து, ஆட்டமிழக்காமல் நம்மைத் தோற்கடித்தார். ஜெயித்த கையோடு மட்டையால் தரையில் ஒரு வட்டம் போட்டு, அதன் நடுவே மட்டையைக் குத்தி நிறுத்தினார். காந்தாரா படத்தை வைத்துச் செய்தது. இது என் மண் என்று அர்த்தம். அன்று ராத்திரி அங்கிள் எனக்கு போன் செய்து, "பாத்தியா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டார்.

மே 27, லக்னோ. 228 எடுத்தால்தான் புள்ளிப் பட்டியலில் இரண்டாமிடம். ஜிதேஷ் ஆறாவதாக இறங்கி 33 பந்தில் 85, கடைசிவரை நின்றார். கீப்பரும் அவர்தான், அன்றைக்குப் பொறுப்புக் கேப்டனும் அவர்தான். தம்பி போன் செய்யவில்லை. எக்செல் கட்டத்தைப் படம் பிடித்து அனுப்பினான்.

ஜூன் 3இல் அகமதாபாத்தில் பஞ்சாபை 6 ரன்னில் வென்று, பதினெட்டாவது வருடத்தில் கோப்பை வந்தது. 'ஈ சல கப் நம்தே', இந்த முறை கோப்பை நமதே என்று வருடா வருடம் கத்தி, வருடா வருடம் கேலிக்கு ஆளான ஊர் அது. மறுநாள் மாலை அணியைப் பார்க்கத் திரண்ட கூட்டத்தில், சின்னசாமி வாசல்களில் நெரிசல் ஏற்பட்டு 11 பேர் செத்துப்போனார்கள். கோப்பையைக் கொண்டாட வந்த பிள்ளைகள். யார் எங்கே தப்புக் கணக்குப் போட்டார்கள் என்பது ஒரு மேஜையில் பேசி முடிக்கிற விஷயம் இல்லை. தர்ஷினியில் அதன்பிறகு ரொம்ப நாள் அந்தச் சுவரோர மேஜையில் கிரிக்கெட் பேச்சு எழவில்லை. ஆட்டோ அண்ணன்கூட ஸ்டிக்கரைப் பற்றிப் பேசவில்லை.

போன வாரம் போனேன். அக்டோபர் தாள் இன்னும் கல்லாவுக்குப் பின்னால், சாமி படத்துக்குக் கீழே செருகியிருக்கிறது. எண்ணெய்க் கறை ஏறி, மூன்று கோடு போட்ட பெயர் மட்டும் பளிச்சென்று தெரிகிறது. எழுதிய பத்துப் பேரில் எத்தனை பேர் பெங்களூருவுக்கு வந்தார்கள் என்று அங்கிளைக் கேட்டேன். மூன்று என்றார். தாளை எடுத்து நானே எண்ணிப் பார்த்தேன். ஹேசல்வுட், படிக்கல். இரண்டுதான் வருகிறது.

"மூணாவது ராகுல்," என்றார். "சின்னசாமில வட்டம் போட்டான்ல? அது கணக்கு."

(பை-டூ தொடரும்)