கரப்பான் என்று இருந்துவிடாதீர்கள்... புருவத்தைப் பாருங்கள்!

சுவாமிமலையில் முடியிறக்கிச் சந்தனம் பூசிய கைக்குழந்தைகளைத் தினமும் பார்க்கலாம். அதில் ஒன்றுக்கு உடம்பு சிவந்து தோல் உரிந்தால், கூட வந்த பாட்டி என்ன சொல்வார்? "கரப்பான்தான்மா. இவன் அப்பனுக்கும் இருந்துது. பல்லு முளைச்சா போயிடும்."

பெரும்பாலும் பாட்டி சொல்வது சரிதான். சாதாரணக் கரப்பான் இரண்டு, மூன்று மாதத்துக்கு மேல் கன்னத்தில் ஆரம்பிக்கும். அரிக்கும், குழந்தை சிணுங்கும். ஆனால் பால் குடிக்கும், எடை ஏறும்.

இன்னொரு வகை இருக்கிறது. மிக மிக அபூர்வம். பிறந்த சில வாரத்திலேயே தலை முதல் கால் வரை சிவந்து, தோல் தடித்து, செதில் செதிலாக உதிரும். தலைமுடி கொட்டும், புருவமும் சேர்ந்து கொட்டும். மொட்டை அடித்துவிட்டால் முதல் அடையாளம் மறைந்துபோகும். புருவத்தை யாரும் மழிப்பதில்லையே! அதனால்தான் அங்கே பார்க்கச் சொல்கிறேன். கூடவே கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டும். வயிற்றுப்போக்கு நிற்காது. எடை ஏறாது. வாயில் வெள்ளை படியும்.

இதற்கு ஓமென் நோய் என்று பெயர். 1965-ல் கில்பர்ட் ஓமென் என்ற அமெரிக்க டாக்டர், சொந்தத்துக்குள்ளேயே மணம் செய்த ஒரு குடும்பத்துக் குழந்தைகளிடம் கண்டு எழுதினார். நோய் எதிர்ப்பு சக்தி அடியோடு இல்லாமல் பிறக்கும் குழந்தைகளின் நோயில் இது ஒரு வகை.

சக்தியே இல்லையென்றால் தோல் ஏன் இப்படிச் சிவக்க வேண்டும்? நம்ம ஊர் வயலை நினைத்துக்கொள்ளுங்கள். விதைத்த நெல் முளைக்காமல், ஒன்றிரண்டு களை மட்டும் முளைத்து வயல் முழுக்கப் படர்ந்துவிட்டது. வரப்பிலிருந்து பார்த்தால் வயல் பச்சைப்பசேல் என்றுதான் இருக்கும். உடம்பைக் காக்கும் 'டி' செல்களில் லட்சக்கணக்கான ரகம் வேண்டும். இங்கே முளைத்தது ஒன்றிரண்டு ரகம்தான். அவை பெருகி, கிருமியை விட்டுவிட்டுச் சொந்தத் தோலையே தாக்குகின்றன. ரத்தத்தில் வெள்ளை அணுக்களை எண்ணினால் குறையாகவே தெரியாமல் போகலாம். "ரிப்போர்ட் நார்மல்" என்று நிம்மதியாக இருந்துவிட முடியாத இடம் இது. இயோசினோஃபில் எக்கச்சக்கமாக இருந்தால் அது ஒரு துப்பு. செல்களை ரகம் பிரித்துப் பார்க்கும் பரிசோதனையில்தான் குட்டு வெளிப்படும்.

வேப்பிலைத் தண்ணீர், மஞ்சள், அம்மாவுக்குப் பத்தியம்... எதுவும் இதற்கு உதவாது. கடையில் வாங்கித் தடவும் ஸ்டீராய்டு களிம்பு சிவப்பைக் கொஞ்சம் குறைத்துக் காட்டும், நாள்தான் போகும்.

நாள் போவதுதான் இதில் ஆபத்து. முதலில் மருந்தால் தோலை அடக்கிவிட்டு, எலும்பு மஜ்ஜை மாற்ற வேண்டும். வேலூரிலும் சென்னையிலும் செய்கிறார்கள். எதிர்ப்பு சக்தியற்றுப் பிறந்த குழந்தைகளைப் பற்றி 2014-ல் வந்த அமெரிக்க ஆய்வைப் பாருங்கள். மூன்றரை மாதத்துக்குள் மாற்றியவர்களில் ஐந்து ஆண்டு கழித்தும் 94 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். வயது கடந்து, உடம்பில் கிருமி இருக்கும்போதே செய்தவர்களில் பாதிப் பேர்தான். நம் நாட்டில் 277 குழந்தைகளை ஆராய்ந்து 2021-ல் வெளியிட்டார்கள். அறிகுறி தொடங்கியது சராசரியாக இரண்டரை மாதத்தில். கண்டுபிடித்ததோ ஐந்தாம் மாதத்தில்!

ஆகவே மேலே சொன்ன அடையாளங்கள் சேர்ந்து தெரிந்தால் தோல் டாக்டரோடு நிற்காதீர்கள். குழந்தை நல டாக்டரிடம், "எதிர்ப்பு சக்திக் குறையாக இருக்குமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கும்பகோணம் அரசு மருத்துவமனையில் காட்டி, தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனைக்குப் போவது சுலபம்.

தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. இருவரிடமும் ஒரே பழுதான மரபணு மறைந்திருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. "முதல் குழந்தை கரப்பான் வந்து ஆறு மாசத்துல போயிடுச்சு" என்ற கதை உங்கள் வீட்டில் இருந்தால், அடுத்த பிரசவத்துக்குச் சேரும்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பி.சி.ஜி.யும் போலியோ சொட்டு மருந்தும் உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்தவை. மற்ற குழந்தைகளுக்கு அவை கவசம், தள்ளிப்போடவே கூடாது. இந்தக் குழந்தைக்கு மட்டும் அவையே நோயாக மாறிவிடும். பி.சி.ஜி. போட்ட இடம் ஆறாமல் புண் பெரிதாகி, அக்குளில் கட்டி கிளம்பும். பரிசோதனை முடிவு தெரிந்த பிறகு போட்டுக்கொள்ளலாம்.