காமிரா சொன்ன பொய்!

தங்கை கல்யாணத்துக்கு நான்தான் போட்டோகிராபர். (செலவு மிச்சமாச்சே!) எல்லாப் படத்திலும் இடது ஓரம் மட்டும் மசமச. "உன் கை நடுங்கியிருக்கும்டா" என்றார் மாமா. கை ஆடினால் படம் முழுக்க அல்லவா இழுபடும்? ஃபோகஸ் தப்பினால் முன்னாலோ பின்னாலோ வேறு ஏதாவது பளிச்சென்று இருக்குமே!

சுவரில் நியூஸ் பேப்பரை ஒட்டினேன். ஸ்டாண்டில் காமிராவை நேராக நிறுத்தி, டைமரில் ஒரு 'க்ளிக்'. பேப்பரின் இடது ஓரம் கலங்கல். காமிராவைத் தலைகீழாக்கி இன்னொரு 'க்ளிக்'. இப்போது வலது ஓரம் கலங்கல்! ஆக, குற்றவாளி லென்ஸேதான். பத்து நாள் முன்பு கீழே விழுந்தபோது வெளியே கீறல்கூட இல்லை. உள்ளே ஒரு கண்ணாடி சாய்ந்திருக்கிறது.

ரிப்பேர் பண்ணியாச்சு. ஆனால், மணமேடையின் இடது ஓரத்தில் நின்ற அப்பா அடுத்த மாதமே போய்விட்டார். அவரை எங்கே போய் மறுபடி நிறுத்துவது?

காமிரா விழுந்தால் முதலில் பேப்பரைப் படமெடுங்கள் சார்... கல்யாணம் அப்புறம்!