வில்லில் ஏறிய காந்தி கதை

நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கம் வில்லுப்பாட்டு என்றால் முதலில் நினைவுக்கு வருவது கோயில் கொடை என்னும் திருவிழாதான். சுடலைமாடனுக்கோ இசக்கியம்மனுக்கோ கொடை நடக்கையில் அந்தச் சாமியின் கதையை இரவு முழுக்க வில்லடித்துப் பாடுவார்கள். கதை உச்சத்துக்கு ஏறும் கட்டத்தில் சாமியாடிக்கு அருள் வரும். அங்கே பாட்டு வழிபாட்டின் ஓர் அங்கம். பொழுதுபோக்கு அதற்கு அப்புறம்.

இந்த வில்லைச் சென்னை சபாக்களுக்கும் வானொலிக்கும் கொண்டுசேர்த்தவர்களில் முதன்மையானவர் சுப்பு ஆறுமுகம். 1928-இல், திருநெல்வேலியை அடுத்த சத்திரம் புதுக்குளத்தில் பிறந்தார். இளம் வயதிலேயே கவிதை எழுதிய அவரைச் சென்னைக்கு அழைத்துவந்தவர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். கலைவாணருக்கும் வில்லோசை புதிதல்ல. நாகர்கோவில் ஒழுகினசேரிக்காரர் அவர். சுப்பு ஆறுமுகம் சென்னைக்கு வந்தது, காந்தி சுட்டுக் கொல்லப்பட்ட 1948-ஆம் ஆண்டில். காந்தியின் கதையை வில்லுப்பாட்டாக்கும் வேலை, இருபது வயதை ஒட்டிய அந்த இளைஞரிடம் வந்தது.

சாமி கதை பாடும் வில்லில் அரசியல் தலைவரின் கதையா என்று தோன்றலாம். ஆனால் கொடையில் பாடப்படும் கதைகளைக் கொஞ்சம் கவனித்தால் வியப்பு குறையும். பாபநாசம் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக நின்று வணங்கப்படும் முத்துப்பட்டன், கதைப்படி பிராமணக் குலத்தில் பிறந்து, செருப்புத் தைக்கும் குடும்பத்துச் சகோதரிகள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்தவன். மாடு திருட வந்தவர்களோடு மோதி உயிர்விட்டவன். இப்படி அநியாயமாகச் செத்துத் தெய்வமானவர்கள் வில்லுப்பாட்டில் பலர். துப்பாக்கிக் குண்டுக்குப் பலியான காந்தி அந்த வரிசையில் வந்து உட்கார்ந்ததில் பெரிய முரண் எதுவும் இல்லை.

கருவியின் அமைப்பும் கைகொடுத்தது. நீண்ட வில்லின் முதுகை மண்குடத்தின் மேல் சாய்த்து, நாண் மேலே இருக்கும்படி வைப்பார்கள். வில்லில் மணிகள் தொங்கும். தலைமைப் பாடகர் இரண்டு வீசுகோல்களால் நாணைத் தட்டத் தட்ட மணிகள் சேர்ந்து குலுங்கும். குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை எல்லாம் கூட நிற்கும். இவற்றைவிட முக்கியம், பக்கத்தில் உட்கார்ந்து “ஆமா” போடுகிறவர். அவர் கேள்வி கேட்பார், குறுக்கே பேசுவார், கேலி செய்வார். புராணமானாலும் நாட்டு நடப்பானாலும் இந்தப் பேச்சில் எளிதாக நுழைந்துவிடும். கலைவாணருக்கும் பின்னர் நாகேஷுக்கும் நகைச்சுவைப் பகுதிகள் எழுதியவர் சுப்பு ஆறுமுகம் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சிரிக்க வைத்தபடியே கதையை நகர்த்துவது அவருக்குக் கைவந்த கலை.

மகாபாரதத்தையும் இராமாயணத்தையும் வில்லிசை வடிவில் நூலாக எழுதினார். கலைமாமணி, சங்கீத நாடக அகாதெமி விருது எல்லாம் வந்தன. பத்மஸ்ரீ 2021-இல்தான் வந்தது. தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகு! 2022 அக்டோபர் 10 அன்று சென்னையில் காலமானார். மகள் பாரதி திருமகன் அவரோடு மேடையேறிப் பழகியவர். குடும்பத்தில் வில்லிசை தொடர்கிறது.

இந்தப் புகழுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பட்டணத்தில் வில்லுப்பாட்டு என்றதும் பலருக்கு இந்த ஒரு பெயர்தான் தெரியும். 2018-இல் மறைந்த, குமரி மாவட்டத்துக் கொடைகளில் பாடிப் பேர்பெற்ற பூங்கனியைத் தெரிந்தவர்கள் குறைவு. மேடைக்கு வந்த வில், விடிய விடியப் பாடும் நீளத்தையும் அருளேற்றும் வேகத்தையும் விட்டுவிட்டுத்தான் வந்தது. அதற்காகச் சுப்பு ஆறுமுகத்தைக் குறை சொல்வது நியாயமாகாது. இரண்டு மணி நேரத்தில் எழுந்துபோகும் கூட்டத்துக்கு அவர் பாடினார். தென்மாவட்டக் கொடைகளில் பழைய கதைகள் இன்றும் ஒலிக்கின்றன. அங்கே போய் முத்துப்பட்டனுக்குப் பதிலாகக் காந்தி கதையை எடுத்தால் ஊர் சும்மா விடாது.